ஏழாவது ஷரத்து

“மேல இருக்குற டீச்சரு வாயே தெறக்காதேக்கா, அதுகிட்டப் போயி எல்லாரும் என்னத்தப் பேசுறாக?” என்று கீழே தையல்கடையில் யாரோ ஒருத்தி கேட்டது, தேநீர் பிளாஸ்க்குடன் படியேறிக்கொண்டிருந்த சுகிர்தாவின் காதில் விழுந்தது. அவளுக்குக் கேட்கட்டும் என்று சொன்னதல்ல. ரவிக்கைக்கு அளவு கொடுக்கக் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறவள் பொழுது போவதற்காகக் கேட்ட கேள்வி. ஜன்னத் அக்கா குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்திருப்பாள், “ம்ம்” என்று மட்டும் சொன்னாள். அந்த ம்ம் ஆமாம் என்பதா, போடி உன் வேலையைப் பார் என்பதா என்று தெரியாமல் சுகிர்தா ஒரு படியில் ஒரு காலும் அடுத்த படியில் மறு காலுமாக நின்றாள். பிறகு, ஒட்டுக்கேட்டது தன் குற்றம் என்பதுபோல, செருப்புச் சத்தம் வராமல் மிச்சப் படிகளை ஏறினாள். மணி நாலு பத்து. ஐந்து மணிக்கு மில் மேனேஜர் தனுஷ்கோடி வருவார். ஒப்பந்தம் இரண்டு பிரதிகளாக மேசைமேல் கிடந்தது. பைபாஸ் பக்கத்து நூற்பாலையில் வேலை பார்க்கிற முந்நூற்று நாற்பது பெண்களில் யாருக்கு மனக்கஷ்டம் என்றாலும் இந்த மாடிக்கு வரலாம், அதற்கு மில் மாதாமாதம் சுகிர்தாவுக்கு ஒரு தொகை தரும், மூன்று வருஷத்துக்கு. முதல் ஆறு ஷரத்துகளையும் அவள் தூக்கத்தில் உளறியதைக் கேட்டு யாரோ டைப் அடித்த மாதிரி இருந்தது. ஏழாவதில்தான் கண் நின்றது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள், ஆலோசனைக்கு வந்த பணியாளரின் பெயர், பணியாளர் எண், பிரிவு, பிரச்சினையின் சுருக்கம் ஆகியவற்றைப் பட்டியலாக நிர்வாகத்துக்குத் தர வேண்டும். கையெழுத்துப் போட்டால் இந்த அறை நிற்கும். போடாவிட்டால் கார்த்திகை வரை இழுத்துப் பார்க்கலாம், அப்புறம் முன்பு வேலை பார்த்த டிரஸ்ட்டுக்கே போய் வாசலில் நிற்க வேண்டியதுதான். பெயர் தர முடியாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதை இன்னும் ஐம்பது நிமிஷத்தில், ஒரு பெரிய மனுஷரின் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் பயம். வாயே தெறக்காதேக்கா. அவள் பிளாஸ்க்கை ஒப்பந்தத்தின் மேல் வைத்தாள், உடனே எடுத்துத் தரையில் வைத்தாள், வட்டமாகக் கறை படிந்திருக்கிறதா என்று காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இல்லை.

டீச்சர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இந்த ஊரில் அவள் செய்கிற வேலைக்குப் பேர் கிடையாது. ஊசி போடாததால் டாக்டர் இல்லை, கறுப்புக் கோட்டு இல்லாததால் வக்கீல் இல்லை, வேப்பிலை அடிக்காததால் சாமியாடியும் இல்லை, படித்த பெண் ஒருத்தி ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறாள், எனவே டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மாடியைப் பிடித்தபோது வாசலில் போர்டு மாட்ட வேண்டாம் என்று முடிவு செய்தது அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம். போர்டு இருந்தால் அதன் கீழே நுழைகிறவர்களை எதிர் டீக்கடை முழுக்கப் பார்க்கும். போர்டு இல்லாவிட்டால், இது தையல்கடைக்குப் போகிற படி. முதலில் யார் அந்த யோசனையைக் கண்டுபிடித்தார்களோ தெரியாது, அவள் சொல்லிக்கொடுக்கவில்லை, பெண்கள் தாங்களாகவே கையில் ஒரு ரவிக்கைத் துணியுடன் வர ஆரம்பித்தார்கள். வழியில் யார் கேட்டாலும் ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போறேன். ஜன்னத் அக்காவுக்கு எல்லாம் தெரியும், கேட்க மாட்டாள், துணியை வாங்கி அலமாரியில் போட்டு வைப்பாள், ஒரு மணி நேரம் கழித்துக் கீழே இறங்குகிறவளிடம் “இன்னும் தைக்கலத்தா, அடுத்த வாரம் வா” என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். ஒரே துணி ஏழு வாரம் போய்வந்திருக்கிறது. ஒரு தடவைதான் பிசகியது. எல்.ஐ.சி. ஏஜெண்டின் மனைவி ஒருத்தி பச்சைத் துணியை மறந்துவிட்டுப் போக, தொழில் புத்தி தாங்காமல் ஜன்னத் அக்கா அதைக் கண்ணளவிலேயே வெட்டித் தைத்து, கைக்குப் பைப்பிங்கும் வைத்து, வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள். அவசரத்துக்கு அந்தப் பெண் எடுத்துவந்தது மாமியார் பீரோவில் இருந்த துணி. அடுத்த வாரம் அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து, “அது எனக்குக் கச்சிதமாப் பொருந்துச்சு டீச்சர், அதான் சண்டையே” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துச் சிரித்து மூக்கைத் துடைத்தாள், நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. சுகிர்தா அப்போதும் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். வாயே தெறக்காதே. உண்மைதான், எப்போது திறந்தேன். அலமாரியில் அறுபத்தொரு கோப்புகள் இருக்கின்றன. எதிலும் பெயர் இல்லை. வருகிறவர்கள் தங்கள் கோப்புக்குத் தாங்களே பேர் வைத்துக்கொள்ளலாம், அது அவள் ஏற்பாடு. வெந்தயம், பழைய ரேடியோ, கருவாட்டுக் குழம்பு, மொட்டைமாடி. தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நெடுநேரம் யோசித்து, கூச்சத்தோடு, மகாராணி என்று வைத்துக்கொண்டார். வசதி உள்ளவர்கள் முழுக் கட்டணம் தருகிறார்கள், இல்லாதவர்கள் இல்லை என்கிறார்கள், காத்திருக்கிற பெஞ்சில் யார் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் பெஞ்சில் இடம் பத்தாமல் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த எண்ணம் வரும்போதெல்லாம் சுகிர்தாவுக்குப் பெருமை பொங்கும், உடனே யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிப் பார்ப்பாள்.

அவர் வந்ததும் எங்கே உட்காரவைப்பது. மேசைக்கு எதிரில் என்றால் மேசை நடுவில் இருக்கும், பாதுகாப்பு, ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவள் குரல் இன்னும் உள்ளே போய்விடும் என்று தோன்றியது. அவள் எழுந்து மேசையைச் சுவரோரம் தள்ளினாள். தரையில் கால் வைத்தால் கீழே மோட்டார் மிஷின் ஓடுவது உள்ளங்காலில் குறுகுறுக்கும், நிற்கும், மறுபடி ஓடும், ஒரு ரவிக்கையின் கை எவ்வளவு நீளம் என்று அவளால் காலாலேயே சொல்ல முடியும். வருகிறவர்கள் உட்கார்கிற பிரம்பு நாற்காலியில் அவரை உட்காரச் சொல்லலாம். உட்காருவாரா. சார், உங்கள் நல்ல எண்ணத்துக்கு மிகவும் நன்றி, ஆனால். ஆனால் வேண்டாம். சார், ஆறு ஷரத்துகளும் எனக்கு முழுச் சம்மதம், ஏழாவதை மட்டும் நீங்கள் மறுபரிசீலனை செய்யக் கூடுமானால். செய்யக் கூடுமானால் என்று யார் பேசுவார்கள், மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லும்போது அவள் குரல் டீச்சருக்குக் கேட்காமல் ஒரு டெர்மில் பதினோரு நாள் வராதவளாக எழுதப்பட்டாள். எல்லா நாளும் போயிருந்தாள். முதல் பெஞ்சில் இருந்தாள். அப்பா வந்து சண்டை போட்டார், “ஏங்க, எம்புள்ள காய்ச்சல்லகூட வந்துச்சுங்க” என்று, டீச்சர் அவளைப் பார்த்து “அப்படியா, இவளா?” என்றாள். கல்லூரியில் படித்தபோது பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தில் “நிறுத்துங்க” என்று சொல்வாள், கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார், அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் இறங்கும்போது அவளும் இறங்கி, கல்லூரிக்குப் பின்னோக்கி நடப்பாள், இரண்டு வருஷமும் நடந்தாள், எம்.எஸ்.டபிள்யூ., சமூகப்பணிப் படிப்பு, என்றால் அவளுக்கு அந்தப் புளியமரத்துச் சாலைதான். அந்த நடையில்தான் பார்க்கப் பழகினாள் என்றும் சொல்லலாம். எந்த வீட்டில் கோலம் இரண்டு நாளாகப் போடவில்லை, எந்தக் கடைக்காரர் இன்றைக்கு மட்டும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார். பேசாதவர்களுக்குக் கண்ணுக்கு வேலை அதிகம். ஆனால் ஐந்து மணிக்குக் கண் போதாது. சார், மன்னிக்கணும். மன்னிப்பு எதற்கு, நான் என்ன செய்தேன்.

செய்தேன். மாரித்தாய்க்குச் செய்தேன். இந்த நினைப்பு வந்துவிடக் கூடாது என்றுதான் மேசையைத் தள்ளினாள், மேசையோடு சேர்ந்து அதுவும் நகர்ந்து வந்துவிட்டது. டிரஸ்ட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஆண்டறிக்கைக்கு வெற்றிக் கதைகள் வேண்டும் என்றார்கள், ஒவ்வொரு களப்பணியாளரும் மூன்று கதை, படத்தோடு. மாரித்தாய் பருத்தி எடுக்கப் போகிறவள், புருஷன் அடித்துத் தோளெலும்பு இறங்கியிருந்தது, எட்டு மாதம் சுகிர்தா அவளோடு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்து, கடைசியில் அவள் தனியாக வீடு எடுத்து நிமிர்ந்திருந்தாள். நல்ல கதை. சுகிர்தா அதை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அழகாக எழுதினாள். பெயரை அன்னலட்சுமி என்று மாற்றினாள், அடியில் மறக்காமல் அடைப்புக்குறிக்குள் பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று போட்டாள், வகுப்பில் அப்படித்தான் படித்தது. முகம் தெரியக் கூடாதென்று பின்பக்கமிருந்து படம் எடுத்தாள். முகம் இல்லை, கொண்டை, கழுத்து, முதுகு, இடது தோள் கொஞ்சம் சரிந்திருக்கும், ரவிக்கையின் பின்கழுத்தில் ஒரு பொத்தான் வேறு நிறம். புத்தகம் பளபளவென்று வந்தது. ஊராட்சி ஆபீசுக்கு ஒரு பிரதி, ரேஷன்கடைக்கு ஒரு பிரதி. ஊரில் யாருக்கும் அன்னலட்சுமியைத் தெரியாது. அந்தத் தோளை எல்லாருக்கும் தெரியும். பதினைந்து நாள் கழித்து மாரித்தாய் டிரஸ்ட் வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை, அழவில்லை, சத்தம் போடவில்லை, புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு, “பேர மாத்துனீக தாயி, முதுக மாத்த மறந்துட்டீகளே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள். ஊரைவிட்டே போய்விட்டாள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது, சுகிர்தா ஆறு மாதம் பஸ் ஸ்டாண்டுகளில் சரிந்த தோள்களைத் தேடினாள். அப்போதும் அவளுக்கு வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த வார்த்தை என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்த வாரமே ராஜினாமா எழுதிக்கொடுத்தாள், ஏன் என்று கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றாள். பொய். அன்றைக்குத்தான் உடம்பு சரியாக இருந்தது.

நாலரை. தேநீரை ஊற்றிக் குடித்தாள், நாக்கு சுட்டது, சுட்டது நல்லது, நாக்கு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. சீனியம்மா ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவளும் அந்த மில்தான், நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவு, தனுஷ்கோடி சாருக்கு அவள் இங்கே வருவது தெரியாது, தெரியவும் கூடாது. கருவாட்டுக் குழம்பு அவளுடைய கோப்பு. முதல் ஐந்து வாரம் அவள் கருவாடு எங்கே மலிவு, எந்தச் சந்தையில் மண் கலக்கிறார்கள் என்பதை மட்டுமே பேசினாள், சுகிர்தா கேட்டுக்கொண்டிருந்தாள், ஆறாவது வாரம் நெத்திலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, “டீச்சர், நூல் அறுந்துச்சுன்னா முடிச்சுப் போடணும், அப்ப ஒரு சத்தம் வரும், யாரோ எம்பேரைச் சொல்லிக் கூப்புடுற மாதிரி, வீட்டுக்கு வந்தாலும் கேக்குது” என்றாள். கூப்பிடுகிறது அவளுடைய செத்துப்போன தங்கச்சி. அதைச் சொல்ல இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. இப்போது சத்தம் குறைந்திருக்கிறது. போன வாரம் தூங்கினேன் என்றாள், ஏதோ பரிசு வாங்கின மாதிரி சொன்னாள், “முழுசா டீச்சர், விடிஞ்சு ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன்.” அவள் இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கோன் மெஷினில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சென்ற வருஷம் அதே மில்லில் வேறொரு பெண் தூக்கத்துக்கு மாத்திரை வாங்கினாள் என்று தெரிந்ததும் அவளை, மெஷின்கிட்ட நிக்கிறவளுக்குப் புத்தி நெலையா இருக்கணும் என்று சொல்லி, மரியாதையாக, ஒரு சேலையும் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். சீனியம்மா இதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள், இரண்டு தடவையும் அந்தச் சேலையின் நிறத்தைச் சொன்னாள், அரக்கு. பெயர், பணியாளர் எண், பிரிவு, பிரச்சினையின் சுருக்கம். எப்படிச் சுருக்குவது. தங்கச்சி கூப்பிடுகிறாள் என்பதை நாலாவது கட்டத்துக்குள் எப்படி அடைப்பது.

ஆனால் முந்நூற்று நாற்பது பேர். இதுதான் போன வெள்ளிக்கிழமையிலிருந்து அவளைச் சுற்றிவருகிற ஈ, விரட்டினால் ஜன்னல்வரை போகிறது, மறுபடி வருகிறது. நீ முடியாது என்று சொன்னால் அவர்கள் யாரும் வர முடியாது, சீனியம்மா மாதிரி ஞாயிற்றுக்கிழமை துணியைத் தூக்கிக்கொண்டு வருகிற துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும், உன் மனசாட்சியைத் துவைத்து வெள்ளையாகக் காயப்போட அவர்கள் வெயிலில் நிற்க வேண்டுமா. மில் பணம் வந்தால் இன்னொரு பெண்ணை வேலைக்கு வைக்கலாம், பெரிய குரல் உள்ளவளாகப் பார்த்து. வராவிட்டால் கார்த்திகைக்கு அப்புறம் அறுபத்தொரு கோப்பையும் என்ன செய்வது, மகாராணி எங்கே போவார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மாதம் ஐந்தாம் தேதி ஒரு பட்டியல் அனுப்பினால் என்ன. வெந்தயம், ஸ்பின்னிங் பிரிவு. பழைய ரேடியோ, பிரச்சினையின் சுருக்கம்: ஸ்டேஷன் கிடைக்கவில்லை. அவள் தனியாகச் சிரித்துவிட்டாள், சத்தம் வந்தது, அறையில் தன் சிரிப்பைக் கேட்பதே விநோதமாக இருந்தது. வேண்டாம், கள்ளப் பட்டியல் வேண்டாம். ஒருநாள் யாராவது மேசையில் அடித்துக் கேட்பார்கள், அன்றைக்கும் வாய் திறக்காது, ஒவ்வொரு பேராக வந்துவிடும், மாரித்தாயின் தோள் வந்த மாதிரி. அப்புறம் வேறொன்றும் தோன்றியது, இதுவரை தோன்றாதது. பட்டியல் உண்டு என்று தெரிந்தால் முந்நூற்று நாற்பது பேரில் யார் வருவார்கள்? ஒருத்தியும் வர மாட்டாள். சிரித்த முகத்தோடு வாரத்துக்கு ஒருத்தியைச் சூப்பர்வைசர் அனுப்பிவைப்பார், அவள் இந்தப் பிரம்பு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கருவாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவாள், ஆறாவது வாரமும் கருவாடு, அறுபதாவது வாரமும் கருவாடு. அப்படியானால் தராசின் அந்தத் தட்டில் முந்நூற்று நாற்பது பேர் இல்லை. யாருமே இல்லை. அங்கே இருந்தது வெறும் தட்டு. ஐந்து நாளாக ஒரு வெறும் தட்டின் கனத்தைச் சுமந்துகொண்டு தூங்காமல் இருந்திருக்கிறாள். ஈ ஜன்னல் வழியாக வெளியே போனது, உண்மையான ஈ, அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. உதறினாள். கீழே புல்லட் வந்து நின்றது, ஜன்னத் அக்கா “மாடிப்படி அந்தப் பக்கம் சார், தலை இடிக்கும், பாத்துப் போங்க” என்று சொன்னாள்.

தனுஷ்கோடி பெரிய உருவம், குரலும் பெரியது, நெற்றியில் விபூதி வேர்வையில் பாதி கரைந்திருந்தது. எங்கே உட்கார என்று பார்த்தார். மேசை சுவரோரம் இருந்தது, நடுவில் இருந்தவை இரண்டு நாற்காலிகள், பிரம்பு நாற்காலி அவர் பக்கம். உட்கார்ந்தார். அது கிரீச்சென்றது, எல்லாருக்கும் கிரீச்சிடுகிற நாற்காலி, அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக. “என்னம்மா, ரெடியா? எம்.டி. இன்னைக்கே கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னுட்டாரு. நல்ல காரியம், தள்ளிப்போடக் கூடாது பாருங்க. ஒத்தப் பொம்பளைப் புள்ளையா நின்னு நடத்துறீங்க, எனக்கே பெருமையா இருக்கு.” சுகிர்தா பிரதிகளை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், கோடு போட்ட இடம் காலியாக இருந்தது. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் நன்றியும் மறுபரிசீலனையுமாக வரிசையில் முண்டியடித்துக்கொண்டு தொண்டைவரை வந்து, ஒன்றுமே வெளியே வரவில்லை. அவற்றுக்குப் பின்னால் நின்றிருந்த ஒன்று வந்தது.

“பேர் தர மாட்டேன் சார்.”

அவளுக்கே அது யார் குரல் என்று ஒரு கணம் புரியவில்லை. சின்னக் குரல்தான், பஸ்ஸில் நிறுத்துங்க என்று சொன்ன அதே குரல், ஆனால் இந்த அறையில் விசிலும் இல்லை இஞ்சினும் இல்லை, அது போய்ச் சேர வேண்டிய இடம் மூன்றடி தூரத்தில் இருந்தது, போய்ச் சேர்ந்தது. அவர் முகத்தில் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. “எதுக்கும்மா இப்படிச் சொல்றீங்க? வெறும் பேருதானே? ஆபீஸ்ல பூட்டி வச்சிருப்போம்” என்றார். இப்போது விளக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், அவள் சொல்லவில்லை. காத்திருந்தாள். எப்படிக் காத்திருப்பது என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கையை மடியில் வைத்து, முகத்தைச் சாய்க்காமல், அவசரப்படுத்தாமல், கருவாட்டிலிருந்து தங்கச்சிவரை ஒன்பது வாரம் காத்திருந்தவள். “கம்பெனின்னா ஒரு கணக்கு வேணும்ல?” என்றார். காத்திருந்தாள். “மத்த ஊர்லல்லாம் குடுக்குறாங்கம்மா, நீங்க மட்டும் என்ன?” காத்திருந்தாள். “நீங்க இல்லன்னா மதுரையில இருந்து ஆளு வரும், அது தெரியும்ல?” அது வலித்தது, ஆனாலும் காத்திருந்தாள், வலி போகிறவரை போகட்டும் என்று. மின்விசிறி சுற்றியது. அவர் கைக்குட்டையால் விபூதியைத் துடைத்தார், முழுசும் போய்விட்டது, நெற்றி வெறுமையானதும் வேறு ஆள் மாதிரி இருந்தார், கொஞ்சம் வயசானவர். மேனேஜர்கள் பேசுவதை நிறுத்துகிற இடத்தைத் தாண்டி அவர் வந்துவிட்டார் என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது, வருகிறவர்கள் எல்லாரிடமும் அந்த இடம் தெரியும், தோள் இரண்டும் ஓர் அங்குலம் இறங்கும்.

“எம்.டி. கேக்கலம்மா” என்றார் தனுஷ்கோடி. “ஏழாவத நாந்தான் போடச் சொன்னேன்.” மடியிலிருந்த பிரதிகளைத் தட்டிச் சரிசெய்தார். “ரெண்டு வருஷம் முன்னாடி ஹாஸ்டல்ல ஒரு புள்ள. பத்தொம்பது வயசு. துப்பட்டாவ எடுத்துட்டா. கதவ ஒடச்சுத் தூக்குனோம், உசுரு இருந்துச்சு, இப்ப கல்யாணமாகி நல்லாத்தான் இருக்கா. ஆனா அப்ப தெனம் காலைல கேட்டுல பாத்து வணக்கம் சார்ம்பா. அன்னைக்குக் காலைலயும் சொன்னா. எனக்குத் தெரியலையேம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒரு லிஸ்ட்டு இருந்திருந்தா…” என்று நிறுத்திக்கொண்டு, எதிர்ச்சுவரில் எதையோ படிப்பவர்போலப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சுகிர்தாவுக்கு நாக்கு நுனியில் சூடு பட்ட இடம் காந்தியது. பயம் எங்கே என்று தேடிப் பார்த்தாள், இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை, சாமான் எடுத்துப்போன வீடு மாதிரி விசாலமாக இருந்தது. சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும். இதைத்தான் ஐந்து நாள் கழித்து இன்றைக்கு நாலே முக்காலுக்குக் கண்டுபிடித்தாள்.

“லிஸ்ட்டு இருந்திருந்தா அந்தப் புள்ள இங்க வந்திருக்காது சார்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“யாரும் வர மாட்டாங்க” என்றாள். “வர்றவங்களும் பேச மாட்டாங்க. உங்க கையில லிஸ்ட்டு இருக்கும், அதுல அந்தப் பேரு இருக்காது.” இவ்வளவு நீளமாக ஒரு ஆண்பிள்ளையிடம் அவள் பேசியதில்லை, வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தடுக்காமல், படியிறங்குகிற மாதிரி வந்தன. “மாசம் எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணிக்கை தர்றேன். ஹாஸ்டல்ல தண்ணி சரியில்ல, ஷிப்ட்டு ஒத்துக்கலன்னு நாலு பேர் சொன்னா, யாருன்னு சொல்லாம, அதையும் சொல்றேன். யார் உசுருக்காச்சும் ஆபத்துன்னு எனக்குப் பட்டா, அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டு, அடுத்த நிமிஷம் உங்களுக்குப் போன் வரும். விடியக் காலம்னாலும் வரும். மத்தபடி பேர் கிடையாது.”

“உசுருன்னா போன் வரும்” என்றார் அவர்.

“வரும் சார்.”

“எனக்கா? ஆபீசுக்கா?”

“உங்களுக்கு.”

கீழே ஜன்னத் அக்காவின் மிஷின் ஒரு நீளமான தையலை ஓட்டிக்கொண்டிருந்தது, பாவாடையாக இருக்கும், முடிவே இல்லாத விளிம்பு, அந்தக் குறுகுறுப்பு உள்ளங்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறுவதைச் சுகிர்தா கவனித்தாள். தனுஷ்கோடி ஏழாவது ஷரத்தை விரலால் தொட்டுக்கொண்டே ஒருமுறை படித்தார், உதடு அசைந்தது, பெயர், எண், பிரிவு. எழுந்து மேசைக்குப் போய் நின்றார். சட்டைப்பையில் தடவி, பேனாவை எடுத்தார். ஒரு பிரதியை விரித்து ஏழாவது ஷரத்தின் மேல் மூலைக்கு மூலை கோடு போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, தேதி எழுதினார், பிறகு அடுத்த பிரதியை எடுத்து அதிலும் அடித்தார்.